சைன்ஃபெல்ட் கடைசில தேஞ்சு போச்சா? புதுசா பாக்கறவங்களுக்கு ஒரு விளக்கம்

பழைய சிட்காம் (அதாவது காமெடி சீரியல்) எதைப் பத்திப் பேச்செடுத்தாலும் சரி, ரெண்டு நிமிஷத்துல யாராவது ஒருத்தர் "ஆனா கடைசி சீசன்லாம் சுத்த பக்வாஸ், குப்பை"ன்னு சொல்லாம விடமாட்டாங்க. ஃப்ரெண்ட்ஸா இருந்தாலும் தி ஆஃபீஸா இருந்தாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு ஹால்ல ஓடுற தாரக் மேத்தாங்கற இந்தி சீரியலா இருந்தாலும் இதே டயலாக்தான். சைன்ஃபெல்ட்ங்கற அமெரிக்க சிட்காமுக்கு இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா அங்க கோடு போட்ட மாதிரி ஒரு இடம் இருக்கு, ஏழாவது சீசன் முடிஞ்சதும் அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான லாரி டேவிட் கெளம்பிட்டாரு, அப்புறம் ரெண்டு சீசன் அவர் இல்லாமயே ஓடுச்சு, அதனால "ஏழோட நிறுத்திக்கோ"ன்னு புதுசா பாக்கறவங்களுக்கு அட்வைஸ் எப்பவுமே ரெடி. மும்பை செம்பூர்ல எங்க பில்டிங் மூணாவது மாடி அண்ணன் ஒருத்தர் லிஃப்ட்ல மாட்டுற எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டு இருக்காரு, அவர் பேச்சைக் கேட்டு நிஜமாவே நிறுத்தினவங்களும் இருக்காங்க, பாவம்.

அண்ணன் சொல்றதுல பாதி சரி. எந்தப் பாதின்னு தெரியணும்னா ஒரு ஷோ "இறங்கிடுச்சு"ன்னு சொல்றப்ப நாம எதைச் சொல்றோம்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும். ஆளுங்க பாக்கறத நிறுத்திட்டாங்கன்னு சொல்றோமா, சிரிப்பு வரலன்னு சொல்றோமா, கேரக்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்றோமா, இல்ல ஷோவோட ருசியே மாறிப்போச்சுன்னு சொல்றோமா? இது எல்லாமே வேற வேற விஷயம், ஒண்ணு நடந்தா இன்னொண்ணும் நடந்தே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. நாம எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டிட்டு "மொக்கை"ன்னு முடிச்சிடறோம்.

ஒண்ணுமே தெரியாதவங்களுக்காக அடிப்படைய மட்டும் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம். சிட்காம்னா ஒரே இடம், அதே நாலஞ்சு ஆளுங்க, வாரம் ஒரு சிக்கல், சுமார் 22 நிமிஷம், அடுத்த வாரம் பாத்தா எல்லாரும் பழையபடி அதே சோஃபால. அந்தக் காலத்து அமெரிக்க டிவில ஒரு சீசன்னா செப்டம்பர்ல ஆரம்பிச்சு மே மாசம் வரைக்கும், 22லேர்ந்து 24 எபிசோட். இதை ஒத்தை ஆள் உக்காந்து எழுத முடியாது, ஒரு கூட்டமே உக்காந்து எழுதும், அதுக்குப் பேரு ரைட்டர்ஸ் ரூம், அந்தக் கூட்டத்துக்குத் தலைதான் ஷோரன்னர். யார் எழுதினாலும் கடைசியா அவர் கை பட்டுத்தான் ஸ்க்ரிப்ட் வெளிய போகும். சினிமால நாம டைரக்டரைப் பாக்கற மாதிரி சிட்காம்ல ஷோரன்னரைப் பாக்கணும், இது ஒண்ணு மனசுல நின்னா போதும், மத்ததெல்லாம் தானா புரியும்.

சைன்ஃபெல்ட் என்பிசி சேனல்ல வந்தது. 1989 ஜூலை 5 முதல் எபிசோட், 1998 மே 14 கடைசி எபிசோட், நடுவுல 9 சீசன், மொத்தம் 180. ஜெர்ரி சைன்ஃபெல்ட் தன் பேர்லயே ஒரு ஸ்டாண்டப் காமெடியனா வருவாரு, நியூயார்க்ல ஒரு அப்பார்ட்மெண்ட், உருப்படாத ஃப்ரெண்ட் ஜார்ஜ், முன்னாள் கேர்ள்ஃப்ரெண்ட் எலேன், கதவைத் தட்டாம உள்ள வர்ற எதுத்த வீட்டு கிரேமர். உருவாக்கினது ஜெர்ரியும் லாரி டேவிட்டும். ஜார்ஜ்ங்கறதே முக்கால்வாசி லாரிதான். ஷோவுக்குன்னு ஒரு சட்டம் வச்சிருந்தாங்க, யாரும் யாரையும் கட்டிப்பிடிச்சு அழக்கூடாது, யாரும் எந்தப் பாடமும் கத்துக்கக்கூடாது. ஃபேமிலி செண்டிமெண்ட்டுல ஊறின நமக்கு முதல் சில எபிசோட் "என்னடா இது, ஒருத்தன்கூட நல்லவன் இல்லயே"ன்னு இருக்கும். ஆமா, இல்ல. அதான் ஷோ.

சரி, முதல் கேள்வி, ஆளுங்க பாக்கறத நிறுத்திட்டாங்களா? இல்லவே இல்ல. ஆரம்பத்துலதான் இதை யாரும் கண்டுக்கல, முதல் சீசன்னு சொல்றதே மொத்தம் அஞ்சு எபிசோட்தான். 1993ல சியர்ஸ்ங்கற பெரிய ஹிட் ஷோவுக்கு அடுத்து வியாழக்கிழமை ராத்திரிக்கு மாத்தினாங்க, சியர்ஸ் முடிஞ்சதும் அந்த இடத்துக்கே வந்து உக்காந்துடுச்சு, அப்புறம் ஏறினது ஏறினதுதான். எல்லாரும் திட்டுற அந்த ஒம்பதாவது சீசன் அந்த வருஷத்து ரேட்டிங்ல அமெரிக்காவுலயே நம்பர் 1. கடைசி எபிசோடை ஏறக்குறைய 7.6 கோடி பேர் பாத்தாங்க. பத்தாவது சீசனுக்கு ஒரு எபிசோடுக்கு 50 லட்சம் டாலர் தர்றேன்னு சேனல் சொல்லியும் ஜெர்ரி வேண்டாம்னுட்டாரு. யோசிச்சுப் பாருங்க, எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு? எனக்கெல்லாம் சத்தியமா வராது.

ஆனா ரேட்டிங்கை வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாதுங்கறதுக்கு இங்க மும்பைலயே உதாரணம் இருக்கு. சாராபாய் வெர்சஸ் சாராபாய், 2004லேர்ந்து 2006 வரைக்கும் ஸ்டார் ஒன்ல ஓடுச்சு, கஃப் பரேடுல இருக்கற பணக்காரக் குஜராத்திக் குடும்பம், மாமியார் மருமகள் லடாய், ஆனா நம்ம சீரியல் மாதிரி விஷம் வைக்கிற டைப் இல்ல, "மிடில் கிளாஸ் மாதிரி பேசாதே"ன்னு நாசூக்கா குத்துற டைப். அது ஓடினப்ப டிஆர்பி பெருசா ஒண்ணும் வரல. இன்னைக்கு இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் இந்தில வந்த பெஸ்ட் சிட்காம்னு அதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் 2017ல அதே ஆளுங்களை வச்சு ரெண்டாவது சீசன் ஹாட்ஸ்டார்ல வந்துச்சு, அத்தனை வருஷமா காத்திருந்த கூட்டம் ஆசையா போய் உக்காந்துச்சு, பாத்துட்டு வாயைத் தொறக்கல. அதே நடிகருங்க, அதே குடும்பம், ஆனா சப்புன்னு இருந்துச்சு. ஆக கூட்டம் வர்றதும் சரக்கு நல்லா இருக்கறதும் தனித்தனி.

இங்கதான் ஷார்க் கதையும் வரணும், ஏன்னா எப்பவாவது யாராவது "அந்த ஷோ சுறாவைத் தாண்டிடுச்சு"ன்னு சொன்னா முழிக்கக்கூடாது பாருங்க. ஹேப்பி டேஸ்னு ஒரு ஷோ, 1977ல அஞ்சாவது சீசன் ஆரம்பத்துல ஃபான்ஸிங்கற ஹீரோ லெதர் ஜாக்கெட்டோட வாட்டர் ஸ்கீல நின்னு ஒரு சுறாவை ஜம்ப் பண்ணித் தாண்டுவாரு. பின்னாடி வந்த வருஷங்கள்ல, ஒரு ஷோ கதைக்கு வழியில்லாம சர்க்கஸ் காட்ட ஆரம்பிச்ச நொடிக்கு அதுவே பேராயிடுச்சு. தமாஷ் என்னன்னா அந்தச் சுறாவுக்கு அப்புறமும் ஹேப்பி டேஸ் 1984 வரைக்கும் ஓடுச்சு, அந்த எபிசோடை எழுதின ஃப்ரெட் ஃபாக்ஸ் ஜூனியர் 2010ல "அப்ப நாங்க நல்லாத்தான் ஓடிட்டு இருந்தோம்"ங்கற ரீதியில ஒரு கட்டுரையே எழுதினாரு. எனக்கு இந்தச் சுறாக் கணக்குல நம்பிக்கை கிடையாது. ஒரு ஷோ ஒரே நாள்ல கவுந்துடாது, கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான், தேயறது மெதுவாத்தான் தேயும், நமக்குத் தெரியறது மட்டும் ஒருநாள் திடீர்னு தெரியும்.

அடுத்தது கேரக்டர் தேயறது. இதுதான் இருக்கறதுலயே சுவாரசியமான வியாதி, எல்லா நீளமான ஷோவுக்கும் வரும். ஒரு ஆளுக்கு ஆரம்பத்துல பத்து குணம் இருக்கும், அதுல ஒண்ணு நல்லா சிரிப்பு வாங்கும், எழுதறவங்க அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பாங்க, நாலஞ்சு வருஷத்துல மத்த ஒம்பது குணமும் காணாம போய் அந்த ஆளே அந்த ஒரு குணமா ஆயிடுவாரு. சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன்ல பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ் முதல்ல குடும்பத் தலைவர் ஹோமருக்குப் பொறாமை வர்ற அளவுக்கு ஒரு நல்ல மனுஷன், கொஞ்சம் பக்தி உண்டு, அவ்வளவுதான். போகப் போக அவர் வாயைத் தொறந்தாலே பைபிள்தான். ஃப்ரெண்ட்ஸ்ல ஜோயி முதல் சீசன்ல கொஞ்சம் மந்தம், ஆனா ஊர் சுத்தத் தெரிஞ்ச ஆளு, பத்தாவது சீசன்ல பாத்தா குழந்தைகூட இதைவிட வெவரமா இருக்கும்.

சைன்ஃபெல்ட்ல இது கிரேமருக்கு நடந்துச்சு. ஆரம்பத்துல அவர் பில்டிங்கை விட்டே வெளிய போகாத ஆளு, பாதித் தூக்கத்துல இருக்கற மாதிரி மெதுவா பேசுவாரு, விசித்திரமான ஆளுதான் ஆனா நம்ம சால்லயோ (மும்பை ஒண்டுக்குடித்தனம்) சொசைட்டிலயோ நிஜமா பாக்கக்கூடிய விசித்திரம். நெஜத்துலயும் லாரி டேவிட் குடியிருந்த வீட்டுக்கு எதுத்தாப்ல கிரேமர்னு ஒருத்தர் இருந்தாரு. அப்புறம் ஆடியன்ஸுக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு, ஷூட்டிங் ஜனங்களை உக்கார வச்சுத்தான் நடக்கும், கிரேமர் கதவைத் தொறந்துட்டு வந்தாலே கைதட்டல் நிக்காது, மத்த நடிகருங்க டயலாக் சொல்ல முடியாம நிக்கற அளவுக்கு, கடைசில "தயவுசெஞ்சு அவர் வர்றப்ப தட்டாதீங்க"ன்னு ஆடியன்ஸ் கிட்டயே சொல்லிவைக்க வேண்டியதாச்சு. அந்த மாதிரிக் கைதட்டல் கிடைச்சா எந்த ரைட்டர் சும்மா இருப்பாரு? ஒம்பதாவது சீசன் முதல் எபிசோட்ல கிரேமர் உடம்பு பூரா வெண்ணெய் தடவிட்டு வெயில்ல படுப்பாரு, அது அப்படியே வறுபட்டு வாசனை வரும், அதே பில்டிங்ல இருக்கற நியூமேன் அவரையே சாப்பிடலாமான்னு பாப்பாரு. இன்னொண்ணுல பழைய டாக் ஷோ செட்டைக் குப்பைலேர்ந்து பொறுக்கிட்டு வந்து வீட்டுக்குள்ளயே ஷோ நடத்துவாரு. சிரிப்பு வருமான்னா வரும், எனக்கு நல்லாவே வரும். ஆனா இந்தக் கிரேமரை எதுத்த வீட்டுல பாக்க முடியாது, கார்ட்டூன்லதான் பாக்க முடியும்.

இது ஏன் நடக்குதுங்கறதுக்குக் கைதட்டல் மட்டும் காரணம் இல்ல. ஆரம்பத்துல வந்த கதை நிறைய லாரியோட சொந்த வாழ்க்கைலேர்ந்து எடுத்தது. ரெண்டாவது சீசன்ல ஜார்ஜ் கோவத்துல வேலைய விட்டுட்டு, திங்கக்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆஃபீஸ் போய் மீட்டிங்ல உக்காருவான் பாருங்க, அது சாட்டர்டே நைட் லைவ் ஷோல வேலை பாத்தப்ப லாரி நிஜமாவே பண்ணினது. ஆனா ஒரு மனுஷன் வாழ்க்கைல எத்தனை கதை இருக்கும்? வருஷத்துக்கு 24 எபிசோட், ஒவ்வொண்ணுலயும் நாலு பேருக்கு நாலு கதைன்னா ஸ்டாக் சீக்கிரமே காலி. அப்ப புது ரைட்டர்ஸ் வருவாங்க, அவங்க அந்த ஷோவையே பாத்து ரசிச்சு வளந்தவங்களா இருப்பாங்க, அவங்களுக்கு ஜார்ஜ்னா ஏற்கனவே டிவில பாத்த ஜார்ஜ்தான், அந்த ஜார்ஜ்க்கு மூலமா இருந்த ஆள் கூட பழகினது கிடையாது. ஜெராக்ஸோட ஜெராக்ஸ்ல எழுத்து தடிமனாத் தெரியற மாதிரி குணமெல்லாம் தடிமனாகிடும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லணும். புது ரைட்டர்ஸ் அவங்கவங்க வீட்டுச் சரக்கையும் கொண்டு வந்தாங்க. ஃபெஸ்டிவஸ்னு ஒரு பண்டிகை, கிறிஸ்துமஸ் பிடிக்காம ஜார்ஜோட அப்பா தானே கண்டுபிடிச்சது, மரத்துக்குப் பதிலா ஒரு வெறும் அலுமினியக் கம்பம், சாப்பாட்டு மேசைல உக்காந்து "இந்த வருஷம் நீங்க எல்லாரும் என்னை எப்படி ஏமாத்தினீங்கன்னா"ன்னு குறை சொல்ற ஒரு சடங்கு. 1997 டிசம்பர்ல வந்தது, ஒம்பதாவது சீசன். எழுதினவங்கள்ல ஒருத்தர் டான் ஓகீஃப், அவங்க அப்பா வீட்டுல நெஜமாவே இப்படி ஒரு பண்டிகை நடத்திட்டு இருந்தாரு. இன்னைக்கும் அமெரிக்காவுல டிசம்பர் 23 ஆனா கம்பம் நடுற ஆளுங்க இருக்காங்க. எலேனோட அந்த பயங்கரமான டான்ஸ் எட்டாவது சீசன், "யாடா யாடா"ங்கற அந்தப் பிரபலமான வசனம் வர்ற எபிசோடும் எட்டாவது சீசன். ஏழோட நிறுத்தின எங்க பில்டிங் ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா மீம்ல பாத்து சிரிக்கிறாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், ருசி மாறினது. லாரி போனதும் ஜெர்ரியே ஷோரன்னர் ஆனாரு, நடிக்கவும் செஞ்சுக்கிட்டு எழுத்தையும் பாத்துக்கிட்டாரு. அதுவரைக்கும் எபிசோட் ஆரம்பத்துலயும் கடைசிலயும் அவர் மைக் பிடிச்சு ஸ்டாண்டப் பண்ற துண்டு வரும், எட்டாவது சீசன்லேர்ந்து அது கிடையாது, அவருக்கு நேரம் இல்ல. சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனா அந்தத் துண்டுதான் "இதெல்லாம் ஒரு காமெடியன் தன் நாளை வச்சு யோசிக்கிறது"ன்னு ஷோவை தரையில கட்டிப்போட்டிருந்த கயிறு. அது அறுந்ததும் வண்டி வேகமா ஓட ஆரம்பிச்சது, சீன் எல்லாம் சின்னதாச்சு, ஒரு எபிசோட்ல அடைக்கிற சீன் அதிகமாச்சு. இன்னொரு மாற்றம், லாரி இருந்தப்ப நாலாவது சீசன்ல ஜெர்ரியும் ஜார்ஜும் டிவி ஷோ எழுதறது, ஏழாவதுல ஜார்ஜோட நிச்சயதார்த்தம்னு சீசன் பூரா ஒரு நூல் ஓடும். கடைசி ரெண்டு சீசன்ல அந்த மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல, ஒவ்வொரு வாரமும் தனித் தனிப் பட்டாசு.

மாட்டுங்கால ஒரு மெஸ்ல சமையல்காரர் மாறினா எப்படியோ அப்படித்தான் இது, அதே போர்டு, அதே மெனு, அதே எவர்சில்வர் தட்டு, ஆனா சாம்பார் வேற. பழைய கை தேடி வந்தவனுக்கு ஏமாத்தம், புதுசா வந்தவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கி ஊத்திக்கிறான்.

இந்த வித்தியாசத்தை நான் சொல்லிப் புரியறதைவிட ரெண்டே ரெண்டு எபிசோடைப் பாத்தா ஒரு மணி நேரத்துல புரிஞ்சிடும். ஒண்ணு ரெண்டாவது சீசன்ல சைனீஸ் ரெஸ்டாரண்ட், 1991. ஜெர்ரி, ஜார்ஜ், எலேன் மூணு பேரும் டேபிளுக்குக் காத்திருப்பாங்க, எபிசோட் பூரா காத்திருப்பாங்க, வேற ஒண்ணுமே நடக்காது, இடமும் மாறாது. சேனல்காரங்க "கதை எங்கய்யா"ன்னு கேட்டாங்க, மாத்தச் சொன்னா நான் போறேன்னு லாரி நின்னாரு. சனிக்கிழமை ராத்திரி எந்த ஹோட்டல் வாசல்லயாவது பேர் எழுதிக் கொடுத்துட்டு நமக்குப் பின்னாடி வந்தவன் உள்ள போறதைப் பாத்தவங்களுக்கு அந்த எபிசோட் வயித்துல பொளிச்சுன்னு ஏறும். இன்னொண்ணு எட்டாவது சீசன்ல சிக்கன் ரோஸ்டர், 1996. கிரேமர் ஜன்னலுக்கு நேரா ஒரு சிக்கன் கடை போர்டு, ராத்திரி பூரா செவப்பு வெளிச்சம், தூங்க முடியாம ஜெர்ரியும் கிரேமரும் வீடு மாத்திக்குவாங்க, மாத்தினதும் ஜெர்ரி கிரேமர் மாதிரியும் கிரேமர் ஜெர்ரி மாதிரியும் ஆக ஆரம்பிப்பாங்க. முதல் எபிசோட்ல சிரிப்பு "ஐயோ இது எனக்கும் நடந்திருக்கே"ன்னு வருது, ரெண்டாவதுல "அடப்பாவி, எப்படிடா இதை யோசிச்சீங்க"ன்னு வருது. ரெண்டுமே ஒசத்திதான், ஆனா ஏக்தம் வேற வேற.

லாரியோட பங்கு எவ்வளவுன்னு தனியா பிரிச்சுப் பாக்கவும் வழி இருக்கு. அவர் 2000ல கர்ப் யுவர் எந்தூசியாஸம்னு தனி ஷோ ஆரம்பிச்சாரு, 2024 வரைக்கும் விட்டு விட்டு 12 சீசன் வந்துச்சு. அதுல பூரா என்னன்னு பாத்தா பார்ட்டில எவ்வளவு எடுத்துக்கலாம், யார் முதல்ல நன்றி சொல்லணும், ராத்திரி எத்தனை மணிக்கு மேல போன் பண்ணக்கூடாதுங்கற மாதிரி எழுதாத சட்டங்களை வச்சு சண்டை. கடைசி ரெண்டு சைன்ஃபெல்ட் சீசன்ல குறையறதும் சரியா அதேதான். அதே சமயம் கர்ப்ல இல்லாத ஒண்ணு அந்த ரெண்டு சீசன்ல இருக்கும், துள்ளல்னு சொல்லலாம். அது ஜெர்ரியோடது.

ஆனா "லாரி போனதுனாலதான் ஷோ கார்ட்டூன் ஆச்சு, இரக்கம் இல்லாம போச்சு"ன்னு மூணாவது மாடி அண்ணன் சொல்றதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஏழாவது சீசன் கடைசி எபிசோட் யார் எழுதினது? லாரிதான். அதுல ஜார்ஜோட வருங்காலப் பொண்டாட்டி சூசன் மலிவான கல்யாணப் பத்திரிக்கை கவரை நாக்கால நக்கி நக்கி ஒட்டி, அந்தப் பசையிலயே செத்துப்போவா. ஆஸ்பத்திரில விஷயத்தைக் கேட்டுட்டு நாலு பேரும் காஃபி குடிக்கப் போவாங்க. நம்ம ஊர் மெகா சீரியல்ல ஒரு சாவுக்கு ரெண்டு வாரம் ஒப்பாரி வைப்பாங்க, இங்க ஒரு காஃபி. அதைவிடக் கொடூரமா எட்டுலயும் ஒம்பதுலயும் ஒண்ணும் கிடையாது. கோணல் ஆக ஆரம்பிச்சது லாரி இருந்தப்பவே, ஆறாவது ஏழாவதுலயே கதையெல்லாம் பெருசு பெருசாப் போக ஆரம்பிச்சாச்சு, அவர் போனதும் பிரேக் இல்லாம போச்சு அவ்வளவுதான்.

அப்ப என் தீர்ப்பு என்னன்னா, எட்டாவது சீசன் இறங்கவே இல்ல, ஜோக்கை மட்டும் வச்சுப் பாத்தா சில எபிசோட் பழசைவிட டைட்டு. ஒம்பதாவது மேடு பள்ளமா இருக்கு, ஃபெஸ்டிவஸ் மாதிரி ஒண்ணு வரும், உடனே வெண்ணெய்க் கிரேமர் மாதிரி ஒண்ணு வரும். அதுல பின்னாலேர்ந்து முன்னால போற ஒரு எபிசோட் இருக்கு, கடைசி சீன் முதல்ல வரும், அப்படியே திருப்பி ஓடும், ஹரோல்ட் பிண்டர்ங்கற பிரிட்டிஷ் நாடகாசிரியரோட ஒரு நாடகத்தைத் தழுவினது, மாப்பிள்ளைக்கு பிண்டர்னே பேர் வச்சிருப்பாங்க. கல்யாணம் நடக்கறது இந்தியாவுல! ஷூட்டிங் என்னமோ அமெரிக்காவுலயே செட் போட்டு எடுத்ததுதான், பாத்தாலே தெரியும், நம்மாளுங்களுக்கு அந்த இந்தியா கொஞ்சம் கண்ணை உறுத்தும், ஆனா எழுதின விதம் கெட்டிக்காரத்தனம். ஆனா வெறும் கெட்டிக்காரத்தனமாவே போச்சேங்கறதுதான் என் குறை, சைனீஸ் ரெஸ்டாரண்ட்ல ஒரு வித்தையும் காட்டாம பிடிச்ச இடத்தை இது இவ்வளவு வித்தை காட்டியும் பிடிக்கல. கடைசிக்கு முந்தி வந்த போர்ட்டோ ரீகோ ஊர்வல எபிசோட்ல கிரேமர் தெரியாம அவங்க கொடிய எரிக்கற காட்சி பெரிய பிரச்சனையாகி சேனல் மன்னிப்பு கேக்க வேண்டி வந்துச்சு. களைப்பு தெரியுது, நிறுத்தினது சரியான நேரம்தான்.

ஒண்ணு கவனிக்கணும், சில ஜோக் நமக்குப் போய்ச் சேராததுக்கு எழுதினவங்க காரணமே இல்ல. இந்த ஷோ பழைய சதுர டிவிக்கு எடுத்தது. 2021 அக்டோபர்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தப்ப அகல ஸ்க்ரீனுக்காக மேலயும் கீழயும் வெட்டித்தான் போட்டாங்க. எட்டாவது சீசன்ல ஒரு ரோட்டுப் பள்ளத்தை வச்சே ஒரு எபிசோட், ஜார்ஜும் ஜெர்ரியும் குனிஞ்சு பள்ளத்தைப் பாப்பாங்க, வெட்டினதுல அந்தப் பள்ளமே ஃப்ரேம்ல இல்ல. ஜூலை மாசம் மும்பைல இருந்துக்கிட்டு பள்ளத்தைப் பாக்க முடியலன்னு வருத்தப்படறது கொஞ்சம் ஓவர்தான். அதே மாதிரி அப்ப ஜனங்க வாரம் ஒண்ணு பாத்தாங்க, நாம ஹார்பர் லைன்ல வாஷி போறதுக்குள்ள ரெண்டு பாத்துடறோம். ஒண்ணு மேல ஒண்ணா ஓட்டினா கிரேமர் கத்தறது அலுத்துத்தான் போகும், கடைசி சீசன் வர்றப்ப ஷோ களைச்சிருக்கா நாம களைச்சிருக்கோமான்னே சொல்ல முடியாது.

ஆள் மாறினா எல்லா ஷோவும் இறங்கிடும்னும் சட்டம் இல்ல. சியர்ஸ்ல 1987ல ஹீரோயின் ஷெல்லி லாங் போனாங்க, கிர்ஸ்டி ஆலி வந்தாங்க, ஷோ இன்னும் ஆறு வருஷம் நல்லா ஓடுச்சு. தி ஆஃபீஸ் ஷோல 2011ல மேனேஜர் மைக்கேல் போனதும் அப்படி நடக்கல, ஏன்னா அங்க காமெடியே அந்த மேனேஜரைச் சுத்தித்தான், வேர் போயிடுச்சு. எதை எடுத்தா எது நிக்கும்னு பாக்கணும். தாரக் மேத்தா 2008லேர்ந்து ஓடுது, 4000 எபிசோடைத் தாண்டியாச்சு, அதோட ஹீரோயின் தயாபென் 2017ல லீவுல போனவங்க போனவங்கதான், வீட்ல இன்னமும் "இந்த வாரம் வருவாளோ"ன்னு பாட்டிமாருங்க காத்துட்டு இருக்காங்க. அதுல கிருஷ்ணன் ஐயர்னு நம்மாளு ஒருத்தர் வருவாரு, விஞ்ஞானி, நடிக்கறவர் தமிழர் இல்ல, அவர் பேசற தமிழைக் கேட்டா நமக்கு ரத்தக்கண்ணீர் வரும், அது தனிக்கதை. அதுக்குக் கடைசி சீசன்னே ஒண்ணு கிடையாது, அதனால இந்தக் கேள்வியையே அதுகிட்ட கேக்க முடியாது.

மிச்சம் இருக்கறது கடைசி எபிசோட். இதை சீசன் ஒம்பதோட சேத்துத் திட்டாதீங்க, ஏன்னா இதை எழுதறதுக்குன்னே லாரி திரும்பி வந்தாரு. ஜனங்க அதிகமாத் திட்டினதும் அதைத்தான், லாரி இல்லாததுதான் பிரச்சனைன்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு ஆசை. நாலு பேரும் ஒரு சின்ன ஊர்ல மாட்டிக்குவாங்க, கண்ணு முன்னாடி ஒரு குண்டு மனுஷனைத் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிக்கிறாங்க, இவங்க உதவாம கிண்டல் பண்ணிட்டு நிப்பாங்க, அதுக்கே கேஸ் ஆகி கோர்ட்டுக்குப் போவாங்க, ஒம்பது வருஷமா இவங்களால நாசமாப் போன ஒவ்வொருத்தரா வந்து சாட்சி சொல்லுவாங்க. ஜெர்ரியால ஹோட்டலும் போய் விசாவும் போன பாகிஸ்தான்காரர் பாபு பட் கூட வருவாரு, விரலை ஆட்டிக்கிட்டே. தீர்ப்பு, ஒரு வருஷம் ஜெயில். இத்தனை வருஷம் பாசமா பாத்தவங்களுக்கு "இவங்க கெட்டவங்கடா, நீங்க யாரைப் பாத்து சிரிச்சீங்க"ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு, கோவம் வராம என்ன செய்யும். எனக்கு யோசனை பிடிச்சிருக்கு, எபிசோட் பிடிக்கல, பழைய கேரக்டர் அணிவகுப்புல ஜோக்குக்கு இடமே இல்லாம போச்சு. லாரிக்கும் அது உறுத்திட்டே இருந்திருக்கும் போல, 2024ல கர்ப்போட கடைசி எபிசோட்லயும் தன்னை அதே மாதிரி கோர்ட்ல நிறுத்தி, ஜெயில்ல போட்டு, இந்தத் தடவை ஜெர்ரியை வச்சே வெளிய எடுத்துட்டாரு.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க ஏழோட நிறுத்த வேண்டாம். முதல் சீசனை வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம், கொஞ்சம் தடுமாறும், ரெண்டாவதுல சைனீஸ் ரெஸ்டாரண்ட் பாத்துட்டு நாலாவது சீசனை வரிசையாப் பாருங்க, அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, தானா போகும். எட்டை முழுசாப் பாருங்க. ஒம்பதுல போர் அடிச்சா தயங்காம தாண்டுங்க, ஃபெஸ்டிவஸை மட்டும் விட்டுடாதீங்க. கடைசி எபிசோடுக்கு முன்னாடி பழைய காட்சிகளை ஒட்டிப் போட்ட ஒரு நீளமான தொகுப்பு வரும், 1998ல ஜனங்களுக்கு ஞாபகப்படுத்தறதுக்காகப் பண்ணினது, போன வாரம்தான் அதையெல்லாம் பாத்து முடிச்ச உங்களுக்கு அது தேவையே இல்ல.